பிள்ளைகளை ஏற்றி இறக்குவது: யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றத்தில் வரும் பெற்றோருக்கு

வவுனியாவில் இருந்து இடமாற்றம் கிடைத்து யாழ்ப்பாணம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. வந்த புதிதில் நான் கவலைப்பட்டதெல்லாம் காலையைப் பற்றித்தான். இரண்டு பிள்ளைகளையும் எழுப்பி, குளிக்க வைத்து, தலை இழுத்து, சாப்பாடு கட்டி, ஏழரைக்கு மணி அடிக்க முதல் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு எப்படிக் கந்தோருக்குப் போய்ச் சேர்வது என்று நித்திரை வராமல் கிடந்து கணக்குப் போட்டேன். இரண்டு கிழமையில் விளங்கிவிட்டது. காலை எப்படியோ தானாக ஓடிவிடும், ஆளைக் கொல்வது மத்தியானம். பள்ளிக்கூடம் 1.30 க்கு விடுகிறது, அரச கந்தோர் 4.15 க்கு முடிகிறது, இடையில் இரண்டே முக்கால் மணித்தியாலம் பிள்ளை எங்கே, யாருடன், சாப்பிட்டதா இல்லையா? இதற்குப் பதில் தெரியாமல் வீடும் பள்ளிக்கூடமும் பார்த்துவிட்டு நான் பட்ட பாட்டை நீங்களும் படத் தேவையில்லை என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் நிலைமையை முதலே சொல்லிவிடுகிறேன், உங்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மூத்தவள் தரம் 6, சின்னவன் தரம் 2, இருவருக்கும் வேறு வேறு பள்ளிக்கூடம், இரண்டும் பட்டணத்துக்குள். நான் வேலை செய்வது கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், பக்கம். கணவருக்கு வேலை கிளிநொச்சியில், விடிய ஆறேகாலுக்கு பஸ் ஏறினால் இருட்டத்தான் வருவார். ஆகவே பகலில் பிள்ளைகளுக்கு நான் ஒருத்தி மட்டும். இங்கே சொந்தக்காரர் யாரும் இல்லை. அம்மம்மாவோ அப்பப்பாவோ பக்கத்தில் இருக்கிறவர்கள் இதில் பாதியை வாசிக்காமலே விடலாம்.

1. வீடு பார்க்க முதல் நேரங்களை ஒரு கடதாசியில் எழுதுங்கள்

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி வரி. பள்ளிக்கூட மணி எத்தனைக்கு, கேற் எத்தனைக்குப் பூட்டுவார்கள், எத்தனைக்கு விடுவார்கள், விட்டபிறகு பிள்ளை வளவுக்குள் எவ்வளவு நேரம் நிற்கலாம். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. சில இடங்களில் பெரிய பிள்ளைகளின் பயிற்சி இருக்கும்வரை ஆசிரியர்கள் நிற்பார்கள், சில இடங்களில் ஒன்றே முக்காலுக்குக் காவலாளியைத் தவிர ஒருவரும் இல்லை.

புதிதாக வருகிறவர்கள் விழும் முதல் குழி, எல்லாப் பிள்ளைகளையும் 1.30 க்குத்தான் விடுவார்கள் என்று நினைப்பது. தரம் 1, 2 பிள்ளைகளைப் பெரிய வகுப்புகளுக்கு மிக முன்னரே விட்டுவிடுவார்கள். என் சின்னவனைப் பதினொன்றரைக்கே விடுகிறார்கள். அதாவது எனக்கு இடைவெளி இரண்டே முக்கால் மணித்தியாலம் இல்லை, நாலே முக்கால். இதை நான் அறிந்தது வீட்டுக்கு முற்பணம் கட்டி, பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்த்து, முதல் நாள் வகுப்பு ரீச்சர் சொன்னபோதுதான்.

உங்கள் கந்தோரில் எத்தனைக்குக் கையெழுத்து வைக்க வேண்டும், மதிய இடைவேளை எப்போது, எத்தனை நிமிடம் என்பதையும் அதே கடதாசியில் எழுதுங்கள். அரச கந்தோர் என்றால் 8.30. பிள்ளையை 7.15 க்கு இறக்கினால் உங்களுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மிச்சம். காலையைப் பற்றிப் பயப்பட வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான். தனியார் இடங்களில் எட்டு மணிக்கே நிற்கச் சொல்வார்கள், அப்போதும் பட்டணத்துக்குள் என்றால் சமாளிக்கலாம்.

2. வீட்டைத் தூரம் பார்த்து எடுக்காதீர்கள், திசை பார்த்து எடுங்கள்

யாழ்ப்பாணத்தில் தூரங்கள் சின்னவை. கோண்டாவிலில் இருந்து பட்டணத்துக்கு ஐந்து கிலோமீற்றர் சொச்சம். அதனால் எங்கே எடுத்தாலும் ஒன்றுதான் என்று தோன்றும். அப்படி இல்லை. வீடு, பள்ளிக்கூடம், வேலை மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், பள்ளிக்கூடம் நடுவில் வரவேண்டும். வீட்டில் இருந்து வடக்கே போய் பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பித் தெற்கே வேலைக்கு வருகிறவர்கள் இரண்டு மடங்கு பெற்றோலும் மூன்று மடங்கு கோபமும் செலவழிக்கிறார்கள்.

நாங்கள் முதலில் எடுத்தது கல்வியங்காட்டுப் பக்கம் ஒரு நல்ல வீடு, கிணறும் முற்றமும் மாமரமும் இருந்தன. ஆனால் மத்தியானத்தில் பிள்ளைகளைப் பார்க்கக்கூடிய பக்கத்து வீட்டு ஆள் அங்கே இல்லை, பள்ளிக்கூட வானும் அந்த ஒழுங்கைக்குள் வராது. ஆறு மாதத்தில் கோண்டாவிலுக்கு மாறினோம். இங்கே இருந்து பலாலி வீதியாலும் போகலாம், காங்கேசன்துறை வீதியாலும் போகலாம், ஒன்றில் நெரிசல் என்றால் மற்றது. பலாலி வீதியில் திருநெல்வேலிச் சந்தையடியும் பரமேஸ்வராச் சந்தியும் காலையில் கொஞ்சம் இழுக்கும், அதன்பிறகு கந்தர்மடம் தாண்டி ஆரியகுளம் வரை பரவாயில்லை. காங்கேசன்துறை வீதியில் தட்டாதெருச் சந்தி. பட்டணத்துக்குள் வந்துவிட்டால் ஆஸ்பத்திரி வீதியைத் தவிருங்கள், போதனா வைத்தியசாலை, பஸ் நிலையம், கடைகள் எல்லாம் சேர்ந்து 7.15 இல் இருந்து எட்டுவரை அங்கே நடந்துபோகிறவர்தான் முதலில் போய்ச் சேருவார்.

ரயில் கடவைகளையும் மறக்க வேண்டாம். கொக்குவில், கோண்டாவில், இணுவில் பக்கம் இருக்கிறவர்கள் தண்டவாளத்தைக் கடந்துதான் ஏதாவதொரு வீதிக்கு வர வேண்டிவரும். கடவை மூடினால் ஐந்து பத்து நிமிடம் போய்விடும். காவலாளி இல்லாத சின்னக் கடவைகளில் அவசரப்பட்டுப் பிள்ளையோடு குறுக்கே விடுவதைத் தினமும் பார்க்கிறேன், வயிறு பற்றி எரிகிறது. உங்கள் நேரத்தில் எந்த ரயில் வருகிறது என்று நேரசூசியைப் பார்த்துவிட்டு அதற்கு ஐந்து நிமிடம் முந்திக் கிளம்புங்கள், வேறு வித்தை ஒன்றும் இல்லை.

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வீட்டுக்கு முற்பணம் கொடுக்க முதல், ஒரு பள்ளிக்கூட நாளில், காலை ஆறே முக்காலுக்கு அந்த வீட்டு வாசலில் இருந்து பள்ளிக்கூடத்துக்கு ஓடிப் பாருங்கள். சனி ஞாயிறில் பார்த்தால் யாழ்ப்பாணம் முழுக்க உங்களுக்கென்றே திறந்து கிடக்கும், ஒன்றும் தெரியாது.

3. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் கடதாசிகள்

இடமாற்றத்தில் வருகிறவர்களுக்கு இடையில் சேர்ப்பது நேரம் எடுக்கும், அதற்குள் வேலை ஏற்கும் திகதி வந்துவிடும். எங்களிடம் கேட்டவை: பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், முந்தைய பள்ளிக்கூடத்தின் விடுகைப் பத்திரம், தேர்ச்சி அறிக்கை, தடுப்பூசி அட்டை, எங்கள் இடமாற்றக் கடிதம், வீட்டு வாடகை உடன்படிக்கை, கிராம சேவகரின் வதிவிடச் சான்று. வதிவிடச் சான்றில் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வைக்க வேண்டும், கிராம சேவகர் கந்தோரில் இருக்கும் நாளும் உங்களுக்கு லீவு கிடைக்கும் நாளும் பொருந்தாது, ஆகவே ஒரு கிழமை ஒதுக்குங்கள். எல்லாவற்றிலும் மூன்று பிரதி எடுத்துவையுங்கள். விடுகைப் பத்திரத்தை முந்தைய இடத்தில் வாங்காமல் வந்துவிடாதீர்கள். நான் வந்துவிட்டு, அதற்கென்று ஒரு நாள் லீவு போட்டுத் திரும்ப வவுனியா போனேன்.

சேர்த்தபிறகு பெரும்பாலானவர்கள் செய்யாமல் விடுவது ஒன்று இருக்கிறது. அதிபருக்கு ஒரு கடிதம் கொடுங்கள், பிரதி வகுப்பு ரீச்சருக்கு. பிள்ளையை ஏற்ற வரக்கூடியவர்கள் யார் யார், அவர்களின் அடையாள அட்டை இலக்கம், போன் இலக்கம், முடிந்தால் படமும். 'இவர்களைத் தவிர வேறு யார் வந்தாலும் எனக்கு அழைக்காமல் விட வேண்டாம்' என்று ஒரு வரி. சின்னவனின் ரீச்சர் அதை வாங்கி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார், இரண்டு வருடமாக அங்கேயே இருக்கிறது.

4. மத்தியானத்துக்கு ஆள் பிடியுங்கள், மிச்சமெல்லாம் பிறகு

வேலை ஏற்கும் நாளுக்கு முதல் இது முடிந்திருக்க வேண்டும். இங்கே நான் பார்த்த வழிகள் நாலு.

முதலாவது, பக்கத்து வீட்டு ஆச்சி அல்லது அக்கா. பிள்ளைகள் நேரே அவர்கள் வீட்டுக்கு வருவார்கள், சாப்பிடுவார்கள், நீங்கள் வரும்வரை நிற்பார்கள். எனக்கு வாய்த்தது இதுதான். 'காசென்ன பிள்ளை, என்ர பேரப்பிள்ளையள் மாதிரி' என்று ஆச்சி முதலில் மறுத்தார். நீங்கள் அதைக் கேட்டு விட்டுவிடக் கூடாது. சும்மா செய்கிற உதவிக்கு நேரம் சொல்ல முடியாது, அவருக்கு ஒரு கலியாணவீடு வந்தால் கேட்கவும் முடியாது. மாதம் பத்தாயிரம், இரண்டு பிள்ளைக்கும் மத்தியானச் சாப்பாடு உட்பட, என்று பேசி முடித்தேன். அரிசியும் பருப்பும் நான் வாங்கிக் கொடுப்பது வேறு. அவர் வெளியூர் போகும் நாளை இரண்டு நாள் முதல் சொல்ல வேண்டும் என்பதும் பேச்சில் இருக்கிறது. இதையெல்லாம் வாய்விட்டுப் பேசக் கூச்சமாகத்தான் இருந்தது.

இரண்டாவது, பகல்நேரப் பராமரிப்பு நிலையம். பட்டணத்திலும் திருநெல்வேலிப் பக்கமும் இருக்கின்றன. பதிவு செய்ததா, எத்தனை பிள்ளைக்கு எத்தனை பேர், பள்ளிக்கூடத்தில் இருந்து அவர்களே ஏற்றுவார்களா என்று கேளுங்கள். ஏற்றமாட்டோம் என்றால் உங்கள் பிரச்சினையில் பாதி அப்படியே இருக்கிறது.

மூன்றாவது, ரியூசன். இங்கே பல வீடுகளில் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்து நேரே ரியூட்டரிக்குப் போய்விடுகிறது, அம்மா அப்பா வரும்வரை நிற்கும் இடம் அதுதான். தரம் 8, 9 பிள்ளைக்குச் சரி. தரம் 2 பிள்ளையைப் பசியோடு வாங்கில் இருத்திவைக்க நான் சம்மதிக்கமாட்டேன். மூன்று பேர் இதைச் சொல்லித் தந்தார்கள், மூன்று பேருடைய பிள்ளைகளும் ஆறு மணிக்குச் சாப்பாட்டுத் தட்டில் தூங்கி விழுகிறார்கள்.

நாலாவது, நீங்களே மத்தியானம் ஓடி ஏற்றிக்கொண்டு வீட்டில் விட்டுவிட்டுத் திரும்புவது. மதிய இடைவேளை அரை மணித்தியாலம். பட்டணத்தில் ஏற்றி கோண்டாவிலில் இறக்கித் திரும்ப எனக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஆனது, அதுவும் மத்தியான வெயிலில், நான் சாப்பிடாமல். ஒரு மாதம் செய்தேன். பொறுப்பதிகாரி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகுதான் ஆச்சியிடம் போனேன்.

5. வானும் ஓட்டோவும்

தூரம் ஐந்து கிலோமீற்றருக்கு மேல் என்றால் வான், அதற்குள் என்றால் ஓட்டோ என்பது இங்கே பொதுவான நடைமுறை. நல்ல வான்காரர்களின் இடம் முதலாம் தவணை தொடங்க முதலே நிரம்பிவிடும். நீங்கள் நடுவில் வந்தால் மிஞ்சியிருப்பது, வேறு யாரும் விரும்பாத வான்தான். ஆகவே மார்கழியிலேயே விசாரியுங்கள். பள்ளிக்கூட வாசலில் 1.30 க்குப் போய் நின்று, எந்த வானில் பிள்ளைகள் அடித்துப் பிடிக்காமல் ஏறுகிறார்கள், சாரதி இறங்கி நின்று எண்ணுகிறாரா என்று பாருங்கள். அரை மணித்தியாலம் நின்றால் போதும், யாரிடம் கொடுக்கலாம் என்று தெரிந்துவிடும்.

பேச முதல் கேட்டுப் பார்க்க வேண்டியவை: சாரதி அனுமதிப்பத்திரம், வாகன வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி அட்டை. வருமான அனுமதிப்பத்திரம் முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும், திகதியை நீங்களே பார்க்கலாம். பிரதி கேட்டால் முகம் சுளிக்கிறவரை விட்டுவிடுங்கள். ஓட்டோவில் சாரதி தவிர மூன்று பேருக்குத்தான் இடம். பள்ளிக்கூட ஓட்டோவில் ஆறு, ஏழு என்று ஏற்றி, சாரதிக்குப் பக்கத்திலும் ஒரு பிள்ளையை ஒட்டவைத்துக்கொண்டு போகிறார்கள். உங்கள் பிள்ளை எத்தனையாவது என்று நேரே கேளுங்கள். மலிவாகச் சொன்னால் அதற்குக் காரணம் இதுதான்.

காசு பேசும்போது நான் விட்ட பிழைகள் இவை. தவணை விடுமுறை மாதத்துக்கு முழுக்காசா, அரைக்காசா, இல்லையா என்று முதலே பேசவில்லை. ஆவணியில் இரண்டு கிழமைதான் ஓடினார், முழு மாதக் காசு வாங்கினார். பெற்றோல் விலை ஏறினால் எவ்வளவு கூட்டுவார் என்றும் பேசவில்லை. ஒரு வழிக்கும் இரு வழிக்கும் விலை வேறு என்பதும் தெரியாது. இப்போது மூத்தவளுக்கு வான் இரு வழியும் மாதம் 6,000, சின்னவனுக்கு ஓட்டோ திரும்பும் வழி மட்டும் 4,500. இது நாங்கள் கொடுப்பது, உங்கள் தூரத்துக்கு ஏற்ப மாறும்.

இனி நடந்த கதை. முதல் வருடம் ஒரு வானில் விட்டோம், பெயர் வேண்டாம். ஒரு வியாழக்கிழமை வான் பழுதாகிவிட்டது. அவர் வேறு ஆளை அனுப்புகிறேன் என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார், அந்த ஆள் வரவில்லை, அவருடைய போன் நிற்பாட்டிக் கிடந்தது. மூத்தவள் வாசலுக்கு வெளியே வேப்பமர நிழலில் மூன்று மணிவரை நின்றிருக்கிறாள். ஆச்சி எனக்கு அழைத்து 'பிள்ளை இன்னும் வரேல்லை' என்று சொன்னபோது இரண்டரை. நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனபோது அவள் அழவில்லை, தண்ணீர்ப் போத்தல் வெறுமையாக இருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு இரவு நாங்கள் எழுதிவைத்தது இது: பிள்ளைக்கு என் இலக்கமும் அப்பாவின் இலக்கமும் மனப்பாடம் இருக்க வேண்டும். வாகனம் பதினைந்து நிமிடத்தில் வரவில்லை என்றால் வெளியே நிற்காமல் உள்ளே போய்ப் பள்ளிக்கூடக் கந்தோரில் சொல்ல வேண்டும். தெரியாத சாரதி வந்து 'அந்த அண்ணை அனுப்பினவர்' என்றால் ஏறக் கூடாது. ஆச்சி 2.15 தாண்டினால் காத்திருக்காமல் எனக்கு அழைக்க வேண்டும். சாரதியின் இலக்கத்தோடு அவர் வீட்டு இலக்கம் ஒன்றும் எங்களிடம் இருக்க வேண்டும். ஐந்தையும் பிள்ளைகளோடு ஒரு முறை நடித்தே பார்த்தோம், சின்னவனுக்குப் பெரிய சந்தோசம்.

6. பஸ்ஸில் அனுப்புகிறவர்கள்

தரம் 8 அளவில் பிள்ளை தனியே பஸ்ஸில் வரத் தொடங்கிவிடும், பருத்தித்துறைப் பக்கத்தில் இருந்து 750 இலக்க பஸ்ஸிலும் சாவகச்சேரிப் பக்கத்தில் இருந்து கண்டி வீதியாலும் பட்டணத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வருகிற பிள்ளைகள் ஏராளம். இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸுக்கு மாணவர் சீசன், அதாவது மாதப் பயணச்சீட்டு, எடுக்கலாம், தினம் காசு கொடுப்பதோடு ஒப்பிட்டால் மிக மலிவு. படிவத்தை அதிபர் உறுதிப்படுத்த வேண்டும், படமும் வேண்டும். மாத முடிவில் புதுப்பிக்க மறந்தால் முதலாம் திகதி நடத்துநரோடு பிள்ளைதான் வாய் கொடுக்க வேண்டிவரும்.

இரண்டு பொறி. சீசன் தனியார் பஸ்ஸில் செல்லாது, ஆகவே பையில் எப்போதும் திரும்பிவரக் காசு இருக்க வேண்டும். மற்றது, சீருடையோடு நிற்கும் பிள்ளைகளைக் கண்டால் சில தனியார் பஸ்கள் தரிப்பிடத்தில் நிற்காமலே போய்விடும். இடைத் தரிப்பில் நிற்பதைவிட ஐந்து நிமிடம் நடந்து பஸ் நிலையத்துக்கே போய் ஏறச் சொல்லுங்கள். சிசு சரிய என்ற பாடசாலை பஸ் உங்கள் வழியில் ஓடுகிறதா என்று டிப்போவில் கேளுங்கள், ஓடினால் அதை விடாதீர்கள்.

7. ஸ்கூட்டரில் ஏற்றுகிறவர்கள்

ஒரு பிள்ளை மட்டும். சட்டப்படி இரண்டு பேர்தான் போகலாம். முன்னால் ஒன்றை நிற்கவைத்து, பின்னால் ஒன்றை இருத்திக்கொண்டு போவதை எல்லோரும் செய்கிறார்கள், நானும் ஒரு கிழமை செய்தேன், சந்தியில் பொலிஸ் மறித்தது. மறித்தவர் மரியாதையாகவே பேசினார், அதுதான் கூடுதல் வெட்கம். மூத்தவளை வானில் விட்டதற்கு உண்மையான காரணம் அதுதான்.

பிள்ளைக்கும் ஹெல்மெற் வேண்டும், எஸ்.எல்.எஸ். தர முத்திரை பார்த்து, பிள்ளையைக் கொண்டுபோய்த் தலையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். அப்பாவின் பழைய ஹெல்மெற்றுக்குள் துவாய் வைத்துப் போடுவது ஹெல்மெற் இல்லை. வாசலுக்கு நேரெதிரே நிற்பாட்டாதீர்கள், ஐம்பது மீற்றர் தள்ளி நிற்பாட்டி மஞ்சள் கடவையால் நடத்திக் கொண்டுபோனால் வெளியே வருவதும் கெதியாக முடியும்.

8. கந்தோரில் பேசுங்கள்

வேலை ஏற்ற முதல் கிழமையிலேயே பொறுப்பதிகாரியிடம் நிலைமையைச் சொல்லிவிடுங்கள். பிரச்சினை வந்த நாளில் சொன்னால் சாட்டாகப் படும். அரச ஊழியருக்கு மாதத்தில் இரண்டு குறுகிய லீவு உண்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம். அதைச் சலூனுக்கும் சந்தைக்கும் செலவழித்துவிட்டு இருபத்தைந்தாம் திகதி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்தில் இருந்து அழைக்கும்போது கையைப் பிசையாதீர்கள். நான் இருபதாம் திகதி வரை தொடுவதில்லை. அதே நிலைமையில் இருக்கும் இன்னொரு அம்மாவைக் கந்தோரில் கண்டுபிடியுங்கள், கட்டாயம் ஒருவர் இருப்பார். நானும் என் மேசைக்கு எதிரே இருக்கும் அக்காவும் ஒருவருடைய பிள்ளையை மற்றவர் ஏற்றக்கூடிய மாதிரி அதிபருக்குக் கொடுத்த அந்தக் கடிதத்தில் பெயர் கொடுத்திருக்கிறோம்.

9. நேரம் குழம்பும் காலங்கள்

தை முதல் பங்குனி வரை இல்ல மெய்வல்லுநர் போட்டி. பயிற்சி என்று பிள்ளை மூன்று மணிவரை நிற்கும், வான் நிற்காது. எந்த நாளில் பயிற்சி என்று முதல் நாள் குறிப்புப் புத்தகத்தில் எழுதி விடுவார்கள், அதை நாங்கள் இரவு பார்க்க வேண்டும். தவணைப் பரீட்சை நாட்களில் வேளைக்கு விடுவார்கள். சாதாரண தர, உயர்தரப் பரீட்சை நிலையமாகும் பள்ளிக்கூடங்களிலும் நேரம் மாறும்.

நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். கோயிலைச் சுற்றி வீதிகளை மறித்துவிடுவார்கள், பருத்தித்துறை வீதியால் வருகிறவர்கள் சுற்றிப் போக வேண்டும். தேர், தீர்த்தம் வரும் நாட்களை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்துவிட்டு அந்த நாட்களில் அந்தப் பக்கமே போகாதீர்கள், கும்பிடப் போவதென்றால் நடந்து போங்கள்.

ஐப்பசி பிறந்தால் மழை. கார்த்திகையில் ஒழுங்கைகளில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும், ஓட்டோ வராது. பையில் ஒரு மழைக்கோட்டும், புத்தகங்களைச் சுற்ற ஒரு பெரிய பொலித்தீன் பையும், இன்னொரு சோடி காலுறையும். பள்ளிக்கூடம் மூடப்படுகிறதா என்பதை வகுப்பு வட்ஸ்அப் குழுவில் வரும் 'எனக்குச் சொன்னார்கள்' செய்தியை நம்பி முடிவெடுக்காமல் வகுப்பு ரீச்சரிடம் கேளுங்கள். ஒரு நாள் அந்தக் குழுவை நம்பி இரண்டு பேரையும் வீட்டில் மறித்தேன், பள்ளிக்கூடம் வழமைபோல நடந்தது.

சித்திரை, ஆவணி, மார்கழி விடுமுறைகள்தான் பெரிய ஓட்டை. பள்ளிக்கூடம் இல்லை, கந்தோர் இருக்கிறது. ஆச்சியோடு அதற்கு வேறு கணக்குப் பேசியிருக்கிறோம், மார்கழியில் பிள்ளைகள் வவுனியாவுக்கு அம்மம்மாவிடம் போய்விடுவார்கள்.

10. மாதச் செலவு, எங்கள் கணக்கு

வான் 6,000, ஓட்டோ 4,500, ஆச்சிக்கு 10,000. ஸ்கூட்டருக்குப் பெற்றோல் லீற்றர் முந்நூறைச் சுற்றி நிற்கும் காலத்தில் மாதம் 3,300 அளவில், இது காலையில் சின்னவனை இறக்குவது, கந்தோர், பின்னேரம் திரும்புவது, இடையில் மூத்தவளின் வகுப்பு எல்லாம் சேர்த்து. வாகனம் தவறும் நாட்களுக்கு ஓட்டோ பிடிக்க 1,500 தனியாக ஒரு தகர டப்பாவில் போட்டு வைக்கிறேன், மாத முடிவில் மிஞ்சினால் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம். மொத்தம் 25,300. முதல் மாதம் மட்டும் இதைவிடக் கூடும்: ஹெல்மெற், மழைக்கோட்டு, சூடு நிற்கும் சாப்பாட்டுப் பெட்டி இரண்டு, வானுக்கு முற்பணம். இடமாற்றப் படி வரும் என்று நம்பி இருந்தால் அது மூன்றாம் மாதம்தான் கைக்கு வரும், எனக்கு அப்படித்தான் வந்தது, ஆகவே ஒரு முப்பத்தையாயிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வண்டி ஏறுங்கள்.